சீனாவில் துயரம் எத்தனை பேருக்கு நோயாகிறது: 2 சதவீதமா, 70 சதவீதமா?

கேள்வி இதுதான்: "நெருங்கியவர்களைப் பறிகொடுத்த சீனர்களில் எத்தனை பேருக்கு அந்தத் துயரம் ஆறாமல் நீண்டு நோயாகவே ஆகிவிடுகிறது? ஒரு இடத்தில் 2 சதவீதம்கூட இல்லை என்று படித்தேன். இன்னொரு இடத்தில் 70 சதவீதத்துக்கு மேல் என்கிறார்கள். இதில் எதை நம்புவது?"

இரண்டையும் நம்பலாம். இரண்டுமே ஒழுங்காகச் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள்தான். ஒரே எண்தான் வேண்டும் என்றால், சீனாவில் அதுவரை நடந்த ஆய்வுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து 2024-ல் வெளியான தொகுப்பாய்வைச் சொல்லலாம். 28 ஆய்வுகள், கிட்டத்தட்ட 11,000 பேர். அதில் வந்த விடை 8.9 சதவீதம். பதினொரு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதே ஆய்வு, உண்மையான விகிதம் 4-க்கும் 18-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்றும் சொல்கிறது. இவ்வளவு அகலமான இடைவெளி ஏன் என்பதுதான் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில். என்னைக் கேட்டால், அந்த 8.9 என்ற எண்ணைவிட இடைவெளிதான் சுவாரஸ்யமானது.

முதலில் எதை நோய் என்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம். இறந்தவரை நினைத்து அழுவதோ, ஒரு வருடம் கழித்துப் போட்டோவைப் பார்த்துக் கண் கலங்குவதோ நோய் இல்லை. உலக சுகாதார அமைப்பின் ஐசிடி-11 பட்டியல், 2022 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் 'நீடித்த துயரக் கோளாறு' என்று தனியாக ஒரு நோய் உண்டு. இறந்தவருக்கான ஏக்கமோ அவரைப் பற்றிய நினைப்போ நாள் முழுக்க ஆளை விடாமல் பிடித்திருக்க வேண்டும். கூடவே கடுமையான மன வலி இருக்க வேண்டும். குறைந்தது ஆறு மாதம் நீடித்திருக்க வேண்டும். வேலை, குடும்பம், அன்றாடம் எல்லாம் குலைந்திருக்க வேண்டும். இன்னொன்றும் முக்கியம்: அந்த ஊர், அந்தச் சமூகம், அந்த மதம் வழக்கமாக எவ்வளவு துக்கம் காக்குமோ அதையும் தெளிவாகத் தாண்டியிருக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு அதே 2022-ல் இதைச் சேர்த்தபோது, பெரியவர்களுக்கு ஆறு மாதத்துக்குப் பதில் பன்னிரண்டு மாதம் என்று வைத்தது. ஆக, எந்தக் கையேட்டை எடுக்கிறோம் என்பதிலேயே எண் மாறத் தொடங்கிவிடுகிறது.

அடுத்தது, எதை வைத்து அளக்கிறார்கள் என்பது. பெரும்பாலான ஆய்வுகளில் ஒரு மருத்துவர் எதிரே உட்கார்ந்து பேசி நோயை உறுதி செய்வதில்லை. கேள்வித்தாள்தான். இந்தத் துறையில் அதிகம் பயன்பட்டது, ஹோலி பிரிகர்சன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் குழுவினரும் 1995-ல் வெளியிட்ட 19 கேள்வி கொண்ட அளவுகோல். ஒவ்வொரு கேள்விக்கும் 'ஒருபோதும் இல்லை' என்றால் 0, 'எப்போதாவது' என்றால் 1, 'சில சமயம்' என்றால் 2, 'அடிக்கடி' என்றால் 3, 'எப்போதும்' என்றால் 4. கூட்டினால் 25-ஐத் தாண்டியவர் 'சிக்கலான துயரம்' (நீடித்த துயரத்துக்கு அப்போது வழங்கிய பெயர்) உள்ளவர். கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். 13 கேள்விகளுக்கு 'சில சமயம்' என்று டிக் போட்டு, மீதி ஆறுக்கு 'ஒருபோதும் இல்லை' என்று போட்டால் 26 வந்துவிடும். எதிலும் 'அடிக்கடி' என்றுகூடச் சொல்லவில்லை. ஆனாலும் கோட்டைத் தாண்டியாகிவிட்டது. அந்த 19-ல் 'இறந்தவரின் குரல் என்னிடம் பேசுவது கேட்கிறது', 'இறந்தவர் என் முன்னால் நிற்பது தெரிகிறது' என்றும் இரண்டு உண்டு.

இப்போது இந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஒரு சீன வீட்டுக்குள் போவோம். அங்கே இறந்த நாளிலிருந்து ஏழு ஏழு நாளாக எண்ணுவார்கள். முதல் ஏழாம் நாளில் இறந்தவரின் ஆவி ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகும் என்பது பழைய நம்பிக்கை. அவருக்குப் பிடித்ததைச் சமைத்து வைப்பார்கள். இப்படி ஏழு ஏழு, நாற்பத்தொன்பது நாள். அப்புறம் நூறாம் நாள். ஏப்ரல் 4 அல்லது 5-ல் வரும் சிங்மிங் நாளில் கல்லறைக்குப் போய்ப் புல் பிடுங்கி, பெருக்கி, பழம், மது வைத்து, காகிதப் பணம் எரித்து, ஊர் நிலவரம், பிள்ளையின் பரீட்சை மார்க் எல்லாம் சொல்லிவிட்டு வருவார்கள். 2008 முதல் அது சீனாவில் அரசு விடுமுறை. சிங்கப்பூரில் இருக்கும் தமிழர்கள் அடுக்குமாடி புளோக்குகளின் கீழ்த்தளத்தில் நடக்கும் சீனச் சாவு வீட்டில் காகித வீடு, காகிதக் கார் எல்லாம் வரிசையாக வைத்திருப்பதைப் பார்த்திருப்பார்கள். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் நடைபாதை ஓரத் தகர டின்களில் எரியும் நெருப்பையும் பார்த்திருப்பார்கள். அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில் 'அப்பா வந்துபோனது எனக்குத் தெரிந்தது' என்று ஒரு மகள் சொன்னால், அதை அறிகுறி என்று எண்ணி மதிப்பெண் போடுவது நியாயமா?

இது வெறும் சந்தேகம் இல்லை. இதற்கு ஆய்வே இருக்கிறது. நியூயார்க்கில் இருக்கும் உளவியலாளர் ஜார்ஜ் பொனானோவும் அவரோடு சேர்ந்தவர்களும் அமெரிக்காவிலும் சீனாவிலும் துணையையோ பிள்ளையையோ இழந்தவர்களை நான்காம் மாதத்திலும் பதினெட்டாம் மாதத்திலும் சந்தித்துப் பேசி, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். இறந்தவரோடு மனத்தளவில் உறவைத் தொடர்வது, அதாவது பேசுவது, ஆலோசனை கேட்பது, கூடவே இருப்பதாக உணர்வது, சீனர்களுக்குப் பின்னாளில் நல்லதாகவே முடிந்திருந்தது. நான்காம் மாதத்தில் அப்படி இருந்தவர்கள் பதினெட்டாம் மாதத்தில் தேறியிருந்தார்கள். அமெரிக்கர்களிடம் விளைவு நேர்மாறு. இறந்தவரை 'விட்டுவிட வேண்டும்' என்ற அறிவுரையை உலகம் முழுக்கத் தூக்கிக்கொண்டு போவதில் எனக்கு எப்போதும் தயக்கம் உண்டு. இந்த ஆய்வு அதற்கு ஒரு காரணம்.

சரி, எண்களுக்கு வருவோம்.

நீங்கள் படித்த 2 சதவீதத்துக்குக் குறைவான எண், 2014-ல் வந்த ஆய்வாக இருக்க வேண்டும். யாரையாவது இழந்த 445 பெரியவர்களிடம் கேட்டார்கள். அவர்களில் 8 பேர்தான் நோய் என்ற அளவுக்கு வந்தார்கள், 1.8 சதவீதம். அங்கே பயன்படுத்தியது பிஜி-13 என்ற இன்னொரு கேள்வித்தாள். அது வெறுமனே கூட்டிப் பார்க்காது. ஏக்கம் தினமும் இருக்க வேண்டும், காலம் கடந்திருக்க வேண்டும், வாழ்க்கை பாதித்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நிபந்தனையையும் தனித்தனியாகச் சரிபார்க்கும். ஒன்று குறைந்தாலும் வெளியே. அப்படி வடிகட்டி நின்ற அந்த 8 பேரில் 7 பேருக்கு மனச்சோர்வின் அளவும் எல்லையைத் தாண்டியிருந்தது. எண்ணிக்கையில் சின்னக் கூட்டம்தான், ஆனால் நிஜமாகவே முடங்கிப்போனவர்கள்.

2016-ல் இன்னொரு ஆய்வு வந்தது. இந்த முறை 1,358 பேர், ஆன்லைன் சர்வே. விடை 13.9 சதவீதம். ஏழு மடங்குக்கு மேல். இரண்டு வருடத்தில் சீனாவில் துயரம் ஏழு மடங்கு கூடிவிடவில்லை. இணையத்தில் 'நெருங்கியவரை இழந்தவர்கள் இதை நிரப்புங்கள்' என்று ஓர் அழைப்பைப் பார்த்து யார் உட்கார்ந்து நிரப்புவார்கள்? இன்னும் அந்த இழப்பிலேயே இருப்பவர்தான். எண்பத்தெட்டு வயதுப் பாட்டியை வழியனுப்பிவிட்டு அடுத்த மாதமே வேலைக்குத் திரும்பிய பேரன், அந்த லிங்க்கைத் தாண்டிப் போய்விடுவான். பொதுவான மக்களை எடுத்தால் அந்தப் பேரனும் கணக்கில் வருவான். விகிதம் கீழே இறங்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உலக எண் வேண்டும் அல்லவா? 2017-ல் டென்மார்க்கைச் சேர்ந்த குழு ஒன்று, வன்முறை, விபத்து இல்லாத சாவுகளை மட்டும் எடுத்து 14 ஆய்வுகளைத் தொகுத்தது. அதில் வந்தது 9.8 சதவீதம். சீனாவின் 8.9-ல் பூகம்பமும் கொள்ளைநோயும் சேர்ந்திருக்கின்றன. ஆகவே 'சீனர்கள் துயரத்தை உள்ளே அடக்கி அடக்கி நோயாக்கிக்கொள்கிறார்கள்' என்று பொதுவாகச் சொல்வதற்கும், 'அவர்களுக்குக் குடும்பப் பிடிப்பு அதிகம், அதனால் பாதிப்பு குறைவு' என்று சொல்வதற்கும் இந்த எண்களில் ஆதாரம் கிடையாது. வயதான பெற்றோர், தாத்தா பாட்டி, உடம்புக்கு முடியாமல் இருந்த துணை என்று இயல்பான இழப்புகளில் அவர்களும் மற்ற நாட்டினரைப் போலத்தான்.

தலை எண்ணிக்கையாக மாற்றினால் இது சின்ன விஷயம் இல்லை என்பது புரியும். சீனாவில் 2023-ல் இறந்தவர்கள் சுமார் 1 கோடியே 11 லட்சம் பேர். ஒரு சாவுக்கு மிக நெருங்கியவர் இரண்டே பேர் என்று குறைத்து வைத்து, அவர்களில் 8.9 சதவீதம் என்று நானே போட்ட கணக்கில், ஒரு வருடத்துக்குக் கிட்டத்தட்ட 20 லட்சம் பேர் வருகிறார்கள்.

இனி அந்த 70 சதவீதம். 2008 மே 12, பிற்பகல் 2:28. சிச்சுவான் மாகாணத்தில் வென்ச்சுவான் பூகம்பம். இறந்தவர்கள் 69,000-க்கு மேல், காணாமல் போனவர்கள் சுமார் 18,000. பள்ளி நடக்கும் நேரம். கட்டடங்கள் பிள்ளைகள் மேலேயே சரிந்தன. பக்கத்துக் கட்டடம் நிற்க, பள்ளி மட்டும் விழுந்த இடங்கள் உண்டு. அதைக் கேள்வி கேட்ட பெற்றோரை அதிகாரிகள் வாயடைக்க வைத்ததும் நடந்தது. ஒரு வருடம் கழித்து, உறவுகளை இழந்த 803 பேரிடம் நான் மேலே சொன்ன அந்த 19 கேள்வித் தாளைக் கொடுத்தார்கள். 71.1 சதவீதம் பேர் 25-ஐத் தாண்டினார்கள். தளர்வான அளவுகோல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஊரில் ஒரு வருடத்தில் யாருடைய துயரத்தை 'வழக்கத்தை மீறியது' என்று சொல்வீர்கள்? வீடு இல்லை, தெரு இல்லை, துக்கம் விசாரிக்க வரவேண்டிய சொந்தக்காரர்களும் இல்லை. வன்சாவுகளைப் பற்றிய உலகளாவிய தொகுப்பாய்வு 2020-ல் வந்தது. கொலை, தற்கொலை, விபத்து, பேரழிவு எல்லாம் சேர்த்து அதிலும் 49 சதவீதம், பாதிக்குப் பாதி. சீனாவின் பூகம்ப எண் அந்த வரிசையில்தான் நிற்கிறது.

பூகம்பத்தில் குழந்தையை இழந்த தாய்மார் இருநூறுக்கும் மேற்பட்டவர்களை இரண்டரை வருடம் கழித்துச் சந்தித்த ஆய்வு ஒன்றும் உண்டு. அரசு அந்தப் பெற்றோருக்கு இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ள அனுமதி தந்திருந்தது. கருத்தடை செய்திருந்தவர்களுக்கு அதை மாற்றும் அறுவை சிகிச்சைக்கும் ஏற்பாடு இருந்தது. மறுபடி குழந்தை பெற்றவர்களைவிட, பெறாதவர்களிடம் மனச்சோர்வும் சிக்கலான துயரமும் தெளிவாக அதிகம். இதைப் படித்துவிட்டு 'இன்னொன்று பெற்றால் சரியாகிவிடும்' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வயது தாண்டியவர்கள், உடம்பு இடம் தராதவர்கள், துயரத்தில் அதைப் பற்றி யோசிக்கவே முடியாதவர்கள் எல்லாம் இரண்டாவது கூட்டத்தில்தான் இருப்பார்கள். எது காரணம், எது விளைவு என்று அந்த ஆய்வை வைத்துப் பிரிக்க முடியாது.

இந்த விஷயத்தில் சீனாவுக்கே உரிய ஒரு கூட்டம் இருக்கிறது. ஒரே பிள்ளையை இழந்த பெற்றோர். சீனாவில் அவர்களை 'ஷீது' குடும்பங்கள் என்கிறார்கள். 1980-லிருந்து 2015 முடிய இருந்த ஒரு குழந்தைக் கொள்கை இல்லாமல் இப்படி ஒரு கூட்டமே உருவாகியிருக்காது. பிள்ளையை இழந்த பெற்றோர் எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் ஒன்றுக்கு மேல் பெறக்கூடாது என்று சட்டம் சொன்னதைக் கேட்டு நடந்து, அதற்காக 'ஒரே குழந்தைப் பெற்றோர் கௌரவச் சான்றிதழ்' வாங்கி, பிறகு அந்த ஒன்றும் போய், இனி பெறவும் வயதில்லாமல் நிற்பவர்கள் பத்து லட்சம் குடும்பங்களுக்கு மேல் என்பது 2010-களின் தொடக்கத்திலேயே சொல்லப்பட்ட மதிப்பீடு. ஆண்டுக்கு 76,000 குடும்பங்கள் புதிதாகச் சேர்கின்றன என்பது அதே காலத்தில் சுகாதார அமைச்சகத்தின் விவரங்களை வைத்துப் பேசப்பட்ட கணக்கு.

முன்பு சொன்ன 2024 தொகுப்பாய்வில் இவர்களிடையே நோய் விகிதம் ஐந்தில் ஒருவருக்கும் மேல். பொதுவான சராசரியைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். இழப்பு நேர்ந்து பல வருடம் ஆனவர்களும் இதில் இருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். 2016-ல் சீனப் பெற்றோரையும் சுவிட்சர்லாந்துப் பெற்றோரையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்றிலும், பிள்ளையை இழந்த சீனர்களிடம்தான் நீடித்த துயரம் கடுமையாக இருந்தது.

இவர்களுக்கு ஏன் இவ்வளவு? பாசம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம், ஆனால் பாசம் சுவிட்சர்லாந்திலும் இருக்கிறது. சீனச் சாவுச் சடங்குகள் எல்லாம் ஒரே திசையில் போகின்றன என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். பிள்ளை பெற்றோருக்குச் செய்வது; சின்னவர் பெரியவருக்குச் செய்வது. ஏழு ஏழு நாட்களும் சிங்மிங்கும் அதற்கானவை. பெற்றோருக்கு மூன்று வருடம் துக்கம் காக்க வேண்டுமா, ஒரு வருடம் போதாதா என்று கன்பூசியஸிடம் ஒரு சீடர் கேட்ட கதை உண்டு. பிறந்து மூன்று வருடம் ஆன பிறகுதான் குழந்தை பெற்றோரின் கையை விட்டு இறங்குகிறது என்று கன்பூசியஸ் பதில் சொன்னார். பிற்காலத்தில் அரசு அதிகாரிகள்கூடப் பெற்றோர் இறந்தால் பதவியிலிருந்து விலகி 27 மாதம் வீட்டில் இருந்தாக வேண்டும். (இன்றைக்கு? 1980-ல் அரசு நிறுவனங்களுக்குப் போட்ட விதிப்படி சாவு விடுப்பு ஒன்றிலிருந்து மூன்று நாள்.) இந்த ஏற்பாட்டில் பிள்ளை செத்து அப்பா அம்மா உயிரோடு இருந்தால் அவர்கள் செய்வதற்கு எதுவுமே இல்லை. 'நரைத்த தலை கறுத்த தலையை அனுப்பி வைப்பது' என்று அதைப் பெரும் துக்கமாகச் சொல்வார்கள். பல ஊர்களில் பெற்றோர் அந்த ஊர்வலத்தில் போகவும் கூடாது. வாரிசு இல்லாமல் போவதே பெற்றோருக்குச் செய்யும் குறைகளில் மிகப் பெரியது என்று கன்பூசியஸ் வழிவந்த பழைய தத்துவ அறிஞர் மென்சியஸ் காலத்திலிருந்து சொல்லிவந்த சமூகம் அது. தங்கள் கல்லறையைப் பெருக்க யாரும் வரமாட்டார்கள் என்பது ஐம்பது வயதிலேயே இவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

அதற்கு மேல் அன்றாடப் பிரச்சினைகள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்றால் சம்மதப் படிவத்தில் பிள்ளை கையெழுத்துப் போடும் பழக்கம். இவர்களுக்கு யார் போடுவது? முதியோர் இல்லத்தில் சேர உத்தரவாதம் தர ஆள் வேண்டும், பிள்ளையாக இருந்தால் நல்லது என்பார்கள். வசந்த விழா, அதாவது சீனப் புத்தாண்டு, வந்தால் ஊரெல்லாம் பிள்ளைகள் வீடு திரும்பும். இவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருப்பார்கள் அல்லது தங்களைப் போன்றவர்களோடு எங்காவது வெளியூர் போய்விடுவார்கள். சாவு நடந்த வீட்டார் நல்ல காரியத்துக்கு வந்தால் ஆகாது என்ற பேச்சுக்குப் பயந்து கல்யாண வீடுகளுக்குப் போவதில்லை. போனாலும் 'பையன் எங்கே வேலை பார்க்கிறான்?' என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். பழைய நண்பர்களை விட்டு, வீட்டை மாற்றி, தெரியாத பேட்டைக்குக் குடிபோனவர்கள் நிறைய. கியூகியூ என்ற சாட் குழுக்களில் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்து, 'ஒரே விதி' கொண்டவர்கள் என்று அழைத்துக்கொண்டு, 2012-ல் பெய்ஜிங்குக்குத் திரண்டு போய்க் குடும்பக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் மனுக் கொடுத்தார்கள். அதுவரை மாதம் 100 யுவானில் தொடங்கியிருந்த உதவித்தொகை, 2014-ல் நகரத்தில் 340, கிராமத்தில் 170 யுவான் என்று ஆனது. மனைவிக்கு 49 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நாற்பத்தைந்து வயதில் மகனை இழந்தவள் நான்கு வருடம் காத்திருக்க வேண்டும். அந்த நான்கு வருடம் இன்னொரு குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்பது அதிகாரியின் கணக்கு.

இவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நோய் என்கிறபோது, எவ்வளவு பங்கு துயரம், எவ்வளவு பங்கு கையாலாகாமையும் ஆத்திரமும் என்று எந்தக் கேள்வித்தாளும் பிரித்துச் சொல்லாது. 'நடந்ததை என்னால் ஏற்க முடியவில்லை' என்ற கேள்விக்கு ஒரு ஷீது தாய் 'எப்போதும்' என்று டிக் போட்டால், அவள் சாவைச் சொல்கிறாளா, கொள்கையைச் சொல்கிறாளா?

கொரோனா எண்ணையும் இதே கண்ணோடு படிக்க வேண்டும். கொரோனாவில் உறவை இழந்த 422 சீனர்களிடம் நடத்திய ஆய்வு 2021-ல் வந்தது. ஐசிடி-11-ஐ ஒட்டிய அளவுகோலில் 37.8 சதவீதம் பேர் எல்லையைத் தாண்டினார்கள். அதே ஆட்கள், இன்னொரு அளவுகோலில் 29.3 சதவீதம். ஒரே மனிதர்கள், ஒரே நேரம். தாளை மாற்றினால் எட்டுப் புள்ளி வித்தியாசம். ஆனால் இரண்டில் எதை எடுத்தாலும் இயல்பான சாவுகளைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அல்லது அதற்கு மேல்.

ஊகானில் 2020 ஜனவரி 23-லிருந்து ஏப்ரல் 8 வரை ஊரடங்கு. ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டதோடு சரி. அதற்கப்புறம் முகம் பார்க்கவில்லை. உடல் நேராகத் தகனத்துக்குப் போனது, குடும்பம் கூட நிற்கவில்லை. மார்ச் கடைசியில்தான் அஸ்திக் கலசத்தை வாங்கிக்கொள்ள அனுமதி கிடைத்தது. ஹான்கோவ் சவ மண்டபத்துக்கு வெளியே மணிக்கணக்கில் வரிசை. ஒவ்வொருவருக்கும் கூடவே அலுவலகத்திலிருந்தோ குடியிருப்புக் கமிட்டியிலிருந்தோ ஓர் ஆள். சத்தமாக அழவும் யோசிக்க வேண்டிய நிலை. முதல் ஏழாம் நாளுக்குச் சமைத்து வைக்க முடியவில்லை, நாற்பத்தொன்பதாம் நாள் ஊரடங்குக்குள்ளேயே கழிந்தது. அந்த ஆண்டு சிங்மிங் அன்று, ஏப்ரல் 4-ஆம் தேதி, காலை பத்து மணிக்கு நாடு முழுக்க மூன்று நிமிட மௌனம்; கார்கள், ரயில்கள் எல்லாம் ஹாரன் அடித்தன. ஊகான் கல்லறைகளுக்குள் மட்டும் குடும்பங்களை விடவில்லை.

அப்போது ஒன்று நடந்தது. நோயைப் பற்றி முன்கூட்டியே எச்சரித்த கண் மருத்துவர் லீ வென்லியாங் பிப்ரவரி 7-ல் இறந்தார். தனக்கு நோய் உறுதியானதைச் சொல்லி வெய்போ என்ற சீனச் சமூக வலைத்தளத்தில் அவர் போட்டிருந்த கடைசிப் பதிவின் கீழே மக்கள் எழுத ஆரம்பித்தார்கள். வருடங்கள் கழித்தும் நிற்கவில்லை. 'டாக்டர் லீ, காலை வணக்கம்', 'இன்று எனக்கு வேலை போய்விட்டது', 'என் அம்மாவும் அங்கே வந்திருக்கிறார், பார்த்துக்கொள்ளுங்கள்' என்ற ரகத்தில் லட்சக்கணக்கான குறிப்புகள். இணையத்தின் அழுகைச் சுவர் என்றார்கள் அதை. கல்லறைக்குப் போய் ஊர்க்கதை பேசும் அதே பழக்கம்தான் போனுக்குள் வந்திருக்கிறது. சடங்கு செய்ய இடமில்லாதபோது மனிதர்கள் இடம் கண்டுபிடிக்கிறார்கள். கண்டுபிடிக்க முடியாமல் போனவர்கள் அந்த 37.8-ல் எத்தனை பேர் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

எண்கள் கூடுதலாகக் காட்டுவதைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டேன். குறைத்துக் காட்டுவதும் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் ஆர்தர் கிளைன்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், சாங்ஷா நகரத்தில் 'நரம்புத் தளர்ச்சி' என்று வந்த 100 நோயாளிகளைப் பரிசோதித்தார். அவர்களில் 87 பேருக்கு இருந்தது மனச்சோர்வு நோய். ஆனால் அவர்கள் சொன்னது தலைவலி, தூக்கமின்மை, மயக்கம், நெஞ்சு அடைப்பு. மாவோ காலத்துக் கலாச்சாரப் புரட்சியின் வடுக்கள் ஆறாத அந்தக் காலத்தில் 'மனசு சரியில்லை' என்று சொல்வது அரசியல் ரீதியாகவும் ஆபத்து. உடம்பைச் சொன்னால் லீவு கிடைக்கும், மருந்து கிடைக்கும். இன்றைய ஷாங்காய் இளைஞர் அப்படி இல்லை. ஆனால் ஷீது பெற்றோரின் வயது அறுபது, எழுபது. அந்தக் காலத்தில் வளர்ந்தவர்கள்தான். 'உங்களுக்கு ஏக்கம் இருக்கிறதா?' என்று கேட்டால் இல்லை என்பார்கள், நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டால் பத்து வருடமாக என்பார்கள். மேற்கத்தியக் கேள்வித்தாளில் நெஞ்சு வலிக்கு மதிப்பெண் இல்லை. இதே கிளைன்மன் தன் மனைவி இறந்த பிறகு, 2012-ல், துக்கத்துக்கு இத்தனை வாரம் என்று கெடு வைக்கும் அமெரிக்கக் கையேட்டை எதிர்த்து எழுதினார். எந்தப் பண்பாட்டிலும் இவ்வளவு நாள்தான் துக்கம் என்று அறிவியல்பூர்வமாகக் காட்ட முடியாது என்பது அவர் வாதம். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். நிஜமாகவே முடங்கிப்போகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கென்று சிகிச்சையும் இருக்கிறது. துயரத்துக்காகவே வடிவமைத்த பேச்சு சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது. அதோடு மனச்சோர்வு மாத்திரையைச் சேர்ப்பதால் சோர்வு குறையலாம், ஏக்கம் பெரிதாகக் குறைவதில்லை என்று 2016-ல் வந்த அமெரிக்கச் சோதனை காட்டியது. நோய் என்ற பெயர் இல்லாவிட்டால் இப்படி ஒரு சோதனையே நடந்திருக்காது.

எதை எங்கே எழுதலாம் என்று கேட்டால்: பொதுவாகச் சொல்ல 8.9, கூடவே அந்த 4-18 இடைவெளி. இயல்பான சாவுகளைப் பற்றி என்றால் 'உலகின் மற்ற பகுதிகளைப் போலவே, பத்தில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவு' என்று எழுதினால் தவறாகாது. 71-ஐ எழுதுவதாக இருந்தால் பக்கத்திலேயே பூகம்பம், ஒரு வருடம், கேள்வித்தாள் என்ற மூன்றையும் எழுத வேண்டும். இல்லையென்றால் சீனாவில் பத்தில் ஏழு பேர் துயரத்தில் பைத்தியம் பிடித்து அலைகிறார்கள் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

வரும் வருடங்களில் இந்த எண்கள் எந்தப் பக்கம் போகும் என்பதற்கும் ஓரளவு பதில் இருக்கிறது. 1980-களில் பிறந்த ஒற்றைப் பிள்ளைகள் இப்போது நாற்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். நோயோ விபத்தோ அவர்களில் யாரைக் கொண்டுபோனாலும் இன்னும் ஒரு ஷீது குடும்பம் கூடும். கொள்கை முடிந்து வருடங்கள் ஆனாலும் அந்த எண்ணிக்கை இன்னும் பல வருடம் ஏறும். மறுபக்கம், அவர்களுடைய பெற்றோர் எழுபதை எட்டிவிட்டார்கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று யாரும் இல்லாமல், ஆஸ்பத்திரி பில்லிலிருந்து கலசம் வரை ஒற்றை ஆளாகப் பார்த்து, அப்பாவையும் அம்மாவையும் ஒருவர் பின் ஒருவராக அனுப்பப்போகும் கோடிக்கணக்கானவர்கள் அவர்கள். இதுவரை வந்த ஆய்வுகளில் 'பெற்றோரை இழந்தவர்' என்பது குறைந்த ஆபத்துள்ள பிரிவு. கூடப்பிறந்தவர்களோடு சேர்ந்து அழுதவர்களை வைத்து வந்த முடிவு அது.